தங்கச்சி நிரப்பிய வயல்

இராணுவத்தின் பொறியியல் பிரிவில் இருபது வருடம் பாலம் போட்டும் உடைந்த வீதிகளைச் சரிசெய்தும் நாடு முழுக்க அலைந்துவிட்டு ஊருக்கு வந்தேன். இனி வீட்டோடு இருக்கலாம் என்றுதான் நினைப்பு. அந்த நேரம் மாவட்டத்தில் சுற்றாடல் அதிகாரியின் இடம் காலியாக இருந்தது. மண்ணும் தண்ணீரும் தெரிந்த ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

பட்டாளத்தில் ஒரு வேலை முடிந்தால் முடிந்ததுதான். பாலத்தின் மேல் முதல் வாகனம் போனதும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். இந்த வேலையில் எதுவும் முடிவதில்லை. இன்றைக்கு மறித்த மணல் லொறி நாளைக்கு வேறு பாதையால் போகும். கல்முனைக்குடியில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஊர் நெருங்கிக் கிடக்கிறது. மகளுக்கு வீடு கொடுக்காமல் இங்கே கலியாணம் பேச முடியாது. வீடு கட்ட வளவு நிலமும் இல்லை. அதனால் மாரியில் வெள்ளம் தங்கி வடிகிற வயல்களில் கிறவல் மண்ணைக் கொட்டி நிரப்புகிறார்கள். அதைத் தடுப்பதிலேயே என் பாதி நாள் போய்விடும்.

ஒரு காலையில் அப்படித்தான் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், வரம்பில் குடை பிடித்துக்கொண்டு லொறிகளில் வந்த மண்ணை இறக்குவித்துக்கொண்டிருந்தவர் என் தங்கச்சியின் கணவர்.

"வாங்க மச்சான்," என்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. நம்முடைய ஆள் வந்துவிட்டார் என்ற நிம்மதிதான் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வேலைய நிப்பாட்டுங்க மச்சான்."

"ஏன், மேல இருந்து ஆரும் வந்திரிக்காங்களா?"

"இல்ல. நான்தான் வந்திரிக்கன்."

அவர் குடையை மடக்கினார். லொறிகள் திரும்பிப் போயின. அவர் என் பக்கம் பாராமல் வரம்பால் நடந்து போனார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"காக்கா, என்ட வளவு கடலோட போச்சு. புள்ளைக்கு மாப்பிள பேசியாச்சு. நான் எங்க போய் வீடு கட்டுற?"

"அந்த வயல நிரப்பினா வெள்ளம் வடியாது தங்கச்சி. பின்னால இரிக்கிற வீடுகளுக்குள்ளதான் போகும்."

"எல்லாரும் நிரப்பித்தான் கட்டியிரிக்காங்க. ஒங்கட கண்ணுக்கு என்ட புள்ளைட வளவு மட்டும்தானா தெரியிது?"

 அந்த வயலைச் சுற்றிலும் நின்ற வீடுகளில் சில, நான் தடை போட்ட பிறகும் எழும்பியவை.

"ஒங்களுக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ள. குமர்ப் புள்ளையோட இரிக்கிறவளுக்குத்தான் இது விளங்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் வளவில் ஒரு துண்டைக் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் இருக்கிற வீடும் வளவும் என் மனைவிக்கு அவள் வாப்பா கொடுத்தவை. அதில் எனக்குப் பேச்சில்லை.

சில வாரம் கழித்து மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "ஒங்கட குடும்பத்து விசயம்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்ங்க," என்றார். நான் தடையை எடுக்கவில்லை. கடற்கரையில் கட்டுகிற ஒரு விடுதியைப் பார்க்க என்னைப் பொத்துவிலுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வயல் நிரம்பி, அத்திவாரம் போட்டாயிற்று. வழக்குப் போட்டேன். அது தவணை தவணையாக இழுபட்டது. வீடு அதற்கு முன்பே கூரை வரைக்கும் வந்துவிட்டது.

கலியாணத்துக்குத் தங்கச்சியின் மகளே நேரில் வந்து அழைத்தாள். "நீங்க வராட்டி உம்மா அழுவா மாமா," என்றாள். போனேன். மச்சானும் நானும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளி வைத்தார். 

அந்த மாரியில் தங்கச்சியின் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தண்ணீர் வடியக் கான் வெட்ட ஆட்களோடு போனேன். வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே சுற்றாடல் ஒபிசர்? அந்த முன் வீடு ஒங்கட தங்கச்சிடதானே?"

"ஓம்," என்றேன்.

அவள் மறுபடி குனிந்து வாளியால் இறைக்கத் தொடங்கினாள். நான் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். பொழுதுபடும் வரை வெட்டினோம். தண்ணீர் அரைவாசிதான் வடிந்தது.