தெருமுனையில் ஓடும் காவடிகள்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகும் காவடிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். காவடி எடுப்பவர்கள் ஊருக்குள் வீட்டுக்கு வீடு நின்று, பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றக் காலைக் காட்டி, ஆடி அசைந்து வருவார்கள். எங்கள் தெருமுனை வந்ததும் ஓட்டம் பிடிப்பார்கள். பம்பைக்காரரும் அடியை வேகப்படுத்திவிடுவார். அந்த இடத்தில்தான் முருகன் பலமாக இறங்குகிறான் என்பது என் முடிவு. கடைத்தெருவுக்கு இல்லாத பெருமை, தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் கிடந்த எங்கள் தெருவுக்கு இருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியாது.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு ஜுரம் கண்டு, பிழைப்பானா என்று ஆகிவிட்டது. பிழைத்தால் காவடி எடுப்பவர் காலில் தண்ணீர் ஊற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். தம்பி பிழைத்துவிட்டான். வேண்டுதலை முடிக்காவிட்டால் முருகன் பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடுவானோ என்ற பயம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலை, ஆவாரம்பட்டை இடித்துக் கறையேறிய கைகளை அவள் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். கறை போகவில்லை. மேலே மஞ்சளைப் பூசிக்கொண்டாள். ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குக் கிளம்பிய அப்பா, "சொன்னா கேளு, பேஜாராய்டும்," என்றார். அம்மா தம்பியை இடுப்பிலும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் புறப்பட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

முதல் காவடி ஓடியது. அடுத்ததும் ஓடியது. "சாமி, கொஞ்சம் நில்லு சாமி," என்று அம்மா கெஞ்சக் கெஞ்ச, ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி ஓடின. நானோ கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற அம்மாவின் முகம் வாடிப்போனது.

உச்சிவேளையில், கூட்டத்துக்கு வெகுதூரம் பின்னால் ஒருவர் காவடியோடு நொண்டிக்கொண்டு வந்தார். பாதமெல்லாம் கொப்புளம். அம்மாவின் எதிரே நின்றுவிட்டார். முன்னால் போனவர்கள் திரும்பி, "அங்க இன்னாத்துக்குய்யா நிக்கிற? ஓடியா!" என்று கத்தினார்கள்.

அவர் நகரவில்லை. "ஊத்தும்மா," என்றார்.

அம்மா குடத்தை எடுத்தாள். ஊற்றினாள். "இன்னும் ஊத்தும்மா, எரிச்சல் தாங்கல," என்றார் அவர். குடம் காலியாகும்வரை ஊற்றினாள். காலைத் தொடாமல் ஓரடி தள்ளியே விழுந்து கும்பிட்டாள். அவர் போனபின் அந்த ஈரமண்ணைக் கிள்ளித் தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை காவடி போயும், சாமியே வராத ஒன்றுதானே அவளுக்குக் கிடைத்தது! "நல்லா ஓடற காவடியா பாத்து ஊத்தியிருக்கலாம்லம்மா?" என்றேன்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இதுவே போதும்டி," என்றாள்.

அவர்கள் தீட்டுக்கு அஞ்சி எங்களை விட்டுத்தான் ஓடினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் காலையிலிருந்து அங்கே நின்றாள் என்பது, நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது.