தனி அடுப்பு

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியின் வீட்டைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். அவள் சொல்லமாட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். கல்குடாவுக்குக் கிட்ட இருந்த எங்கள் கல்வீட்டை அப்பா எனக்குத் தந்தார். பிறகு அதே வளவில் தங்கச்சிக்கென்று இன்னொன்று கட்டி, அம்மாவோடும் அவளோடும் அதில் இருந்தார். சுனாமி இரண்டு வீட்டையும் அம்மாவையும் கொண்டுபோனது.

முகாமில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கூடாரம். அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் பக்கத்துக் கூடாரம். அவர்கள் தனியாகத்தான் சமைத்தார்கள். என் பிள்ளைகளின் நிவாரணப் பங்கில் கை வைக்க அப்பாவுக்கு மனமில்லை.

அரசாங்க வீட்டுக்காசுக்குப் பதிய உத்தியோகத்தர் வந்தபோது சனம் சுற்றி நின்றது. என் மாமியாரும் நின்றா.

“ஐயா, மகளோடயா சாப்பாடு? இல்ல, தனியாச் சமைக்கிறீங்களா?” என்று உத்தியோகத்தர் அப்பாவிடம் கேட்டார்.

வீட்டை வாங்கிக்கொண்ட மகள் தகப்பனுக்குச் சோறு போடவில்லை என்று ஊர் சொல்லும். அப்பாவின் காதில் அந்தக் கேள்வி அப்படித்தான் விழுந்தது.

“என்ன கதை சேர் இது? என்ர புள்ள என்னைத் தனியா உலை வைக்க விடுவாளா? எல்லாருக்கும் ஒரே பானதான்.”

நான் மெல்லிய குரலில் சொன்னேன். “இல்ல சேர், அப்பாவும் தங்கச்சியும் தனியாத்தான் சமைக்கிறாங்க.”

“அவள்ர கதைய விடுங்க சேர். நேத்து குழம்புல உப்பில்லையெண்டு பேசினன், அந்தக் கோவம்.”

சனம் சிரித்தது. உத்தியோகத்தரும் சிரித்துக்கொண்டே, “அப்ப ஒரு அடுப்பு, ஒரு குடும்பம், ஒரு வீடு” என்று எழுதினார்.

அடுப்புக்கு ஒரு வீடு என்பது அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “சேர், கொஞ்சம் நில்லுங்க.”

“ஏன் ஐயா, ஒரே பான இல்லையா?”

அப்பா என் மாமியாரைப் பார்த்தார். “ஓம், ஒரே பானதான்” என்றார்.

பிறகு அந்தப் பதிவை மாற்றச் சொல்லிப் பலமுறை உத்தியோகத்தரின் கந்தோருக்கு நடந்தார். சண்டை மூண்டு பாதை பூட்டியதும் அதுவும் நின்றது.

என் வீடு எழும்பியது. சமைக்கிற குசினியோடு ஒட்டிய அறையில் தங்கச்சி இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, “புள்ளைக்கு வீடு எங்க?” என்று கேட்பார்கள். அப்பா கடற்பக்கம் கிடந்த தங்கச்சி வீட்டின் பழைய அத்திவாரத்தைக் காட்டுவார். சாகும்வரை அதைத்தான் காட்டினார்.

சண்டை முடிந்த பிறகு மறுபடியும் வீட்டுத்திட்டம் வந்தது. அதற்குள் தங்கச்சி அறை வாசலில் மூன்று கல் வைத்துத் தனியாகச் சமைக்கத் தொடங்கியிருந்தாள். அவளைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்த முறை நான் உரத்தே சொன்னேன்.

“தங்கச்சிக்குத் தனி அடுப்பு, சேர்.”

“தனி ஆள் குடும்பமில்லையே அம்மா. கலியாணம் முடிச்சிட்டு வரச் சொல்லுங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கச்சி சிரித்தாள். “வீடு இருந்தாத்தான் கலியாணம், கலியாணம் முடிச்சாத்தான் வீடு. நல்லா இரிக்கு, என்னக்கா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் விடிய அவள் எப்போதும்போல, கடற்கரையில் கருவாடு போடும் வாடிக்குக் கூலிக்கு மீன் வெட்டப் போனாள்.