மச்சானுக்குக் கயிறு பிடிப்பவர்

கஸ்பார் பர்னாந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொல்லையில் கவிழ்த்துப் போட்ட சோப்புப் பெட்டிதான் ஆசனம். கையில் கயிறு, தோளில் துண்டு, வாயில் அணைந்துபோன சுருட்டு. கயிறு பந்தல் கழியின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையில், கழுத்தில் சுருக்கோடு தொங்குவது ஒரு புடலங்காய்.

"சத்தம் போடாத ஏளா, மச்சான் முங்கியிருக்கான்" என்பார் மனைவியிடம்.

புடலங்காய்க்கு வளன் என்று பெயர். அசல் வளன் அவர் மனைவி கித்தேரியின் அண்ணன். சங்குக்காகக் கடலில் முங்கியவன். முங்குகிறவன் தன் உயிரை மச்சான் கையில்தான் கொடுப்பான். அண்ணனைக் கடலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் எந்த மனைவி சோறு போடுவாள்? அதனால் கயிறு பத்திரமாக இருக்கும். அடியில் இருப்பவன் இரண்டு தரம் வெட்டி இழுத்தால்தான் மேலே தூக்க வேண்டும். அதற்கு முன்பு தூக்குவது பாவம். அதற்குப் பிறகு தாமதிப்பது அதைவிடப் பாவம். மேலே வந்தவனுடைய சங்குப் பையைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் முகத்தைத் துண்டால் துடைத்துவிட வேண்டும். கஸ்பாருடைய ஞானோபதேசம் இவ்வளவுதான்.

வளனுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. முங்குவதை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு அரிசிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். வேறு ஒருவனுக்குக் கயிறு பிடிக்கக் கஸ்பாருக்கு மனம் வரவில்லை. சும்மா கிடந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வீட்டில் இருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அந்தச் சமயத்தில், உலகச் சண்டைக் காலமாயிற்றே, வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொல்லிச் சர்க்கார் தண்டோரா தெருவில் வந்தது. கஸ்பார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

கொல்லை அதுவரை கித்தேரியின் கோழிகளுக்குச் சொந்தம். அவள் கோழிகளைக் கூண்டில் அடைத்து, இடத்தைக் கொடுத்து, ஒரு நிபந்தனையும் போட்டாள்: "மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள ஒரு காயாவது என் சட்டியில விழணும். இல்லன்னா வேலியப் பிரிச்சுக் கோழியத் தொறந்து விட்டுருவேன், ஆமா."

முதல் கோளாறு உரத்தில். மண்ணுக்கு மீன் நல்லது என்று யாரோ சொல்ல, இவர் ஒரு கூடைக் கருவாட்டுத் தூளைப் புதைத்துவிட்டார். உப்பில் நாற்று வெந்துபோனது. தெருப் பூனைகள் எல்லாம் குடும்பத்தோடு வந்து பாத்தியைத் தோண்டின. கஸ்பார் மண்ணை மாற்றி, தெருக்குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் சுமந்து, மறுபடி விதைத்தார். இந்தத் தடவை வெண்டை, கத்தரி, சீனியவரை எல்லாம் காய்த்துத் தள்ளின. அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள்.

ஆனால் ஒரு காயைக்கூட அவர் பறிக்கவில்லை. ஒவ்வொரு காம்பிலும் நூலைக் கட்டி, நூல்களை மொத்தமாகக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கயிறு ஆடலியே. ஆடாம எப்படி இழுக்க?"

வெண்டை முற்றி உள்ளே விதை கலகலத்தது. கத்தரி மஞ்சளாகத் தொங்கியது. சீனியவரை நாராகிவிட்டது. ஒருநாள் ஓணான் ஒன்று நூலில் ஏற, ஆட்டத்தை உணர்ந்த கை யோசிக்காமல் இழுத்துவிட்டது. வந்தது ஒரு கத்தரிப் பூ. அதன் முகத்தையும் துடைத்துத்தான் கீழே வைத்தார்.

மிஞ்சியது புடலங்காய் ஒன்றுதான். அது தொங்கித் தொங்கித் தரையைத் தொட்டது. "மச்சானுக்கு ஆழம் பத்தல" என்று கஸ்பார் அடியில் பள்ளம் தோண்டினார். புடலை பள்ளத்துக்குள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தோண்டினார்.

கூடையோடு காய்கறி விற்க வந்த செல்லக்கனி பள்ளத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இது காயா, கெணத்துக் கயிறா? இன்னைக்கு அறுத்தாத்தான் கூட்டுக்கு ஆகும். நாளைக்குப் பழுத்துச் செவந்துரும். பெறகு வெதைக்குத்தான்."

"தங்கச்சி, கீழ கெடக்கவனுக்குத் தெரியாதா, எப்ப ஏறணும்னு?"

அன்றைக்குத்தான் கொடியேற்றம். கோயில் மணி அடித்துவிட்டது. தெருவே புதுத்துணி உடுத்திக்கொண்டு நடந்தது. கித்தேரி கத்தியோடு கொல்லைக்கு வந்தாள். கூண்டில் கோழிகள் ஆவலோடு கழுத்தை நீட்டின.

"நீங்க அறுக்கீங்களா, நான் கூண்டத் தொறக்கட்டா?"

கஸ்பார் திரும்பவில்லை. கயிற்றை இன்னும் ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டார். "எல்லாம் கெட்டுப்போச்சு, தெரியும்ளா. கோழிய விட்டுரு. ஆனா அவன் சொல்லாம நான் இழுக்க மாட்டேன். உங்க அண்ணனுக்கு ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்ல."

கித்தேரிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, கண்ணும் கலங்கியது. அண்ணன் ஒவ்வொரு நாளும் முழுசாக வீடு திரும்பியது அந்தக் கையால்தான். "எங்க அண்ணன் பேர வச்சிட்டு, அத நானே நறுக்கிக் கூட்டு வைக்கணுமாக்கும்!" என்று முணுமுணுத்தபடி கூண்டுப் பக்கம் நடந்தாள். கொண்டியைத் தொட்டாள், ஆனால் திறக்கவில்லை. கத்தியைக் கூண்டின் மேல் வைத்துவிட்டு, பந்தலைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, இலை மறைவில் பள்ளத்தோரம் குந்தினாள். புடலங்காயின் வாலைப் பிடித்து இரண்டு தரம் வெட்டி இழுத்தாள்.

சுருட்டு வாயிலிருந்து விழுந்தது. பெட்டி உருண்டது. கஸ்பாரின் இரண்டு கைகளும் மாறி மாறி இழுத்தன. காம்பு படீரென்று விட, புடலங்காய் பள்ளத்திலிருந்து எழும்பிக் கழியைத் தாண்டி அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. கித்தேரி சட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுளா" என்றார் கஸ்பார். தோள்துண்டை உருவி, புடலங்காயின் முகம் எது என்று ஒரு நிமிஷம் தேடினார். பிறகு காம்படியைப் பதமாகத் துடைத்துவிட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மூச்ச விடு மச்சான், மூச்ச விடு."