தலைவலி நிவாரண மந்திரம், ஒரு மணி நேரம்

"நான் பண்ணின மந்திரத்த நிறுத்தச் சொல்ற காது இன்னும் பிறக்கல!" என்று ஒலிப்பதிவுக்காரர் முழங்கியபோது அவர் மனைவி தலையில் ஈரத்துணி கட்டிப் படுத்திருந்தாள். அவளுக்கும் இரண்டு காதுகள் இருந்தன. அவை பிறந்து நாற்பத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அவர் தொழில் மகத்தானது. வாடகை அறையின் சுவரெங்கும் எதிரொலி அடங்க முட்டை அட்டை ஒட்டி, உள்ளே உட்கார்ந்து யூடியூப் வழியாக உலகத்தாரின் நோய்களைத் தீர்த்துவந்தார். தூக்கமின்மைக்கு ஒரு சமஸ்கிருத மந்திரம், மூட்டுவலிக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றேதான்; தூக்கத்துக்கு மழைச் சத்தம், மூட்டுக்குப் புல்லாங்குழல். பாடகர் ஒரு முறை பாடிவிட்டுக் கிளம்பிவிடுவார். மீதி நூற்றேழையும் இவர் கணினியில் வெட்டி ஒட்டுவார். வெறும் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் மனைவியை என்றைக்கோ டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார். இவரோ மனதார நம்பினார், அதுதான் வினை.

மூன்று வாரத் தலைவலி. இப்போது எல்லாமே இரட்டையாகத் தெரிந்தது. தையல் ஆலையில் காலர் சரிபார்ப்பவள் அவள். ஒரு நூல் விலகினாலும் பிடித்துவிடுவாள். அன்று நாற்பது கோணல் காலர்கள் அவள் கையைத் தாண்டிப் போய்விட, மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"டாக்டர்கிட்ட போலாம். படியே ரெண்டு ரெண்டா தெரியுது, இல்லன்னா நானே போயிருப்பேன்."

"அவசரப்படாத. மனச அடக்கிக் கேளு."

"கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதி! பாடுறவர் மூச்சு இழுக்கிறப்ப பாதியில அறுத்திருக்கீங்க. ஒவ்வொரு ஒட்டும் மண்டையில ஆணியா இறங்குது."

"அறுபது லட்சம் பேருக்குக் கேக்காத ஒட்டு உனக்கு மட்டும் கேக்குதா?"

"அவங்கெல்லாம் தூங்கியிருப்பாங்க. நான்தான் தூங்கலையே!"

"சாந்தியா இரும்மா..."

"இன்னொரு தடவ சாந்தின்னு சொன்னீங்க, அந்த ஸ்பீக்கர் ஜன்னல் வழியா சாந்தியா கீழ போகும்!"

சொன்னவள் விருட்டென்று எழுந்தாள். வாசல் என்று நினைத்துச் சுவரில் மோதினாள்.

ஒலிப்பதிவுக்காரர் வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர். நோயாளிகளின் மன அமைதிக்காகக் கூரையிலிருந்து ஒரு மந்திரம் வழிந்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்துடன். அவள் நிமிர்ந்து கணவரை ஒரு பார்வை பார்த்தாள். எந்தக் கணவரை என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு பல்லைக் கடித்து நெற்றியை அழுத்திக்கொண்டாள். மந்திரம் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் அவள் தோள் துள்ளியது. அடுத்த முறையும் துள்ளியது. மூன்றாம் முறை, அவள் துள்ளும் முன்பே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனார்.

"இத நிறுத்திடுறீங்களாம்மா?"

"ஏன் சார்? எல்லாரும் விரும்பிக் கேக்கிறதாச்சே."

"தலை வலிக்குதும்மா" என்றார், அடுத்தவருக்குக் கேட்காத குரலில்.