கர்னலுக்குக் கிடைத்த லெப்டினென்ட் பதவி

இலஞ்சி இசக்கியப்பனுக்குப் பட்டாளம் ஒரு பக்கம் பதவி கொடுத்தது, ஊர் இன்னொரு பக்கம் கொடுத்தது. ஊர் கொஞ்சம் வேகம். சிப்பாயாக முதல் லீவில் வந்தபோதே டீக்கடையில் அவர் கேப்டன். ஹவில்தார் ஆனதும் மேஜர். சுபேதாராகித் தென்காசி ஸ்டேஷனில் இறங்கிய அன்று, ஆட்டோக்காரர் அவரைக் கர்னலாக்கித்தான் வீட்டில் கொண்டுவிட்டார். குற்றாலச் சாரலுக்குக் குடை பிடிக்கலாம், ஊர் வாய்க்குப் பிடிக்க முடியுமா? விட்டுவிட்டார். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஆகஸ்ட் பதினைந்தில் வந்தது வில்லங்கம். நெடுநாள் சேவைக்காகக் கௌரவ லெப்டினென்ட் பதவி. சுபேதார் படியைத் தாண்டி, அதிகாரிகளுக்குரிய நட்சத்திரம் தோளில் ஏறியது. கூடச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிட்டாதது. லீவில் வந்தார்.

டீக்கடையில் துக்கம் விசாரித்தார்கள். “கர்னல் அண்ணாச்சிய லெப்டினென்ட்டா இறக்கிட்டானுவளாம்லே. என்ன கோளாறோ.”

மறுநாள் குத்துக்கல்வலசையிலிருந்து சம்பந்தி பிச்சைமணி வந்து இறங்கினார். ஐப்பசியில் இசக்கியப்பன் மகள் அபர்ணாவுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணம். பத்திரிகை அடிக்க வேண்டும்.

“மறைக்காமச் சொல்லுங்க சம்பந்தி. கேஸ் எதுவும் இருக்கா?”

“இது ஏத்தம்.”

“கர்னல்ல இருந்து லெப்டினென்ட் ஏத்தமா?”

“நான் கர்னலா இருந்ததே இல்ல.”

“அப்போ பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வாய்க்கு வாய் கர்னல்னு கூப்பிட்டேனே, சிரிச்சிக்கிட்டே காப்பி குடுத்திய?”

பிச்சைமணி நெற்றியைத் தேய்த்தார். சொந்தக்காரர்களிடமெல்லாம் கர்னல் வீட்டுச் சம்பந்தம் என்று சொல்லியாகிவிட்டது. பிறகு முகம் மலர்ந்தது.

“உங்க லெப்டினென்ட்டும் இருக்கட்டும், எங்க கர்னலும் இருக்கட்டும். லெப்டினென்ட் கர்னல்னு சேத்துப் போட்டுருவோம்.”

“சம்பந்தி, அப்படி நெசமாவே ஒரு பதவி இருக்கு. போட்டா என்னைய உள்ள வச்சிருவான்.”

“அப்போ ஒரு மேஜர்?”

“பேரம் பேச இது என்ன கத்தரிக்காயா? தல நரைச்சு வாங்குனது இது ஒண்ணுதான். கௌரவ லெப்டினென்ட். அதைப் போட்டா அடிங்க, இல்லன்னா பத்திரிகையே வேண்டாம்.”

காப்பியோடு வந்த மனைவி சந்தனமாரி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவர் கல்யாணத்தையே கவிழ்த்துவிடுவார் போலிருந்தது.

பிச்சைமணி எழுந்து வந்து தோளைத் தட்டினார். “கோவப்படாதீங்க. நீங்க சொன்னபடியே அடிச்சிருவோம். உங்க மரியாததான் எங்க மரியாத, கர்னல்.”

இசக்கியப்பன் வாயைத் திறந்தார். சந்தனமாரி முறைத்தாள்.

“காப்பி சாப்பிடுங்க” என்றார்.