முடிவைச் சொல்லிடாதீங்க

"நேத்து ஒரு படம் பாத்தேன் சிஸ்டர்..." என்று நாற்காலியில் சாய்ந்திருப்பவர் ஆரம்பிக்கும்போதே சிஸ்டரின் வலது கை எச்சில் உறிஞ்சும் குழாயை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிடுகிறது. இடது கை இரண்டு பஞ்சு உருளைகளைக் கன்னத்துக்குள் செருகுகிறது. மனிதர் "ஆங்... ஆங்..." என்கிறார். "பேசாதீங்க சார், மருந்து உள்ள போயிடும்" என்கிறாள் சிஸ்டர், அவ்வளவு கனிவாக. மருந்து இன்னும் அலமாரியைவிட்டே கிளம்பவில்லை.

அவள் செவிலியர் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. பல் டாக்டருக்கு உதவியாள். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் ஊர் வைத்த பெயர் சிஸ்டர், அதுவே நிலைத்துவிட்டது. மாடியில் இரண்டு அறை, ஒரு வரவேற்பு மேசை, மீன் இல்லாத மீன் தொட்டி, இவ்வளவுதான் அந்த மருத்துவமனை. டாக்டர் கை நீட்டினால் எந்தக் கருவி வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். ஊசியைப் பார்த்து நடுங்குகிற பெரிய மீசைக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடுங்க, முடிஞ்சிடுச்சு பாருங்க" என்று முடிவதற்கு முன்பே சொல்லுவாள். வாயைப் பிளக்க மறுக்கும் குழந்தைகளுக்கு, தானே வாயைப் பிளந்து தன் கடைவாய்ப் பல்லின் வெள்ளி அடைப்பைக் காட்டுவாள்.

இத்தனை பொறுமைசாலிக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பார்க்காத படத்தின் கதையை யாரும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது. முன்னோட்டம்கூடப் பார்க்க மாட்டாள். "ரெண்டு நிமிஷத்துல மொத்தப் படத்தையும் காட்டிட்டு அப்புறம் எதுக்கு நம்மள கூப்பிடறாங்க?" என்பாள். தியேட்டருக்குள் விளக்கு அணையும் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் திரையில் வருவதைக் காணாவிட்டால், அவள் கணக்கில் அந்தப் படம் பார்த்த படமே இல்லை.

படம் ஓடும்போது பக்கத்தில் யாராவது போனை எடுத்தால் தொலைந்தார்கள். ஒருமுறை முன்வரிசை இளைஞன் வெளிச்சத்தைக் குறைக்காமல் குறுஞ்செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் குனிந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்து, நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "'கோவமா?'ன்னு கேக்கறாங்க தம்பி. இல்லைன்னு போட்டுட்டு உள்ள வைங்க" என்றாள். அவன் போனை மட்டுமல்ல, தன்னையும் சேர்த்து நாற்காலிக்குள் ஒளித்துக்கொண்டான்.

ஆனால் தியேட்டரில் எதிரியைக் கண்ணால் பார்க்கலாம், தோளைத் தட்டலாம். கைப்பையில் இருக்கும் போனை என்ன செய்வது? ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைப்பது எப்படி என்று அவள் பாட்டுக்கு ஒரு வீடியோ பார்ப்பாள். அதற்குக் கீழேயே எவனோ ஒருவன், நடிகரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, 'கடைசியில் இவர்தானா அது?' என்று கேட்டிருப்பான். உறவுக்காரர்கள் அதற்கும் மேல். கடைசிக் காட்சியைத் திரையிலிருந்தே படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்து, மூன்று அழுகிற முகங்களையும் ஒட்டிவிடுவார்கள். "டிக்கெட் வாங்கி உள்ள போயி, அங்கயும் போன் வழியாத்தான் பாக்கறாங்க. இவங்கள என்ன பண்றது?" என்று கருவிகளை வேகவைக்கும் பாத்திரத்திடம் கேட்பாள்.

இவ்வளவு கெடுபிடியும் அவளுக்காக மட்டும் இல்லை. அவள் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவருடைய தலையணை மடிப்புக் கலையாமல் கிடக்கும். போனில் பேசினால், "சாப்டீங்களா?", "ஆச்சு. நீ?", "ஆச்சு. டயர் மாத்திட்டேன்" என்பதோடு பேச்சு வற்றிவிடும். ஆனால் ஒரு படம் சேர்ந்து பார்த்துவிட்டால் போதும். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம், சாப்பிடும்போது, விளக்கணைத்த பிறகும்கூட ஓயாத பேச்சுதான். அவர் இல்லாமல் அவள் படம் பார்க்க மாட்டாள், அவளில்லாமல் அவரும் பார்க்க மாட்டார். கல்யாணத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத சத்தியம் இது.

அதிலும் அந்த மூன்று பாகப் படம் இருக்கிறதே, அது அவர்களை ஆட்டிப் படைத்துவிட்டது. ஒரு பெரிய வீடு. அதில் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். இரண்டு பாகம் முடிந்தும் யார் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. வக்கீல்தான் என்று அவர் அடித்துச் சொல்வார். சித்திதான் என்று இவள் ஒற்றைக் காலில் நிற்பாள். இரண்டு வருஷமாக இதே சண்டை. சுமை ஏற்றுவதற்கு வரிசையில் காத்திருக்கும்போதுகூட அவர் கூப்பிட்டு, "ஏம்மா, அந்த வக்கீல் இடது கையால கதவு தொறந்தான், கவனிச்சியா?" என்பார். இவளுக்கு அன்று முழுவதும் நடை துள்ளலாக இருக்கும்.

மூன்றாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை அவர் எங்கோ தொலைவில் இருந்தார். அடுத்த வாரத்து ஞாயிறுதான் வருவார். ஞாயிறு மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. இடைப்பட்ட நாட்களை முடிவு தெரியாமல் கடத்தியாக வேண்டும். "அந்த எடம் வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணா 'ஹா'ன்னு சொல்லணும். அதுக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்" என்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொன்னாள் சிஸ்டர்.

'காலணிகளை வெளியே விடவும்' பலகைக்குக் கீழே, 'படக்கதையையும் வெளியே விடவும்' என்று எழுதி ஒட்டினாள். குடும்பக் குழுவில் எல்லோருக்கும் எச்சரிக்கை போனது. டாக்டர் முதல் நாளே படம் பார்த்துவிட்டு வந்தவர், நாக்கு அரித்துத் தவித்தார். "சிஸ்டர், கதையில்ல... ஒரே ஒரு விஷயம்..." என்று வாயெடுப்பார். "டாக்டர், நான் லீவு போட்டுடுவேன்" என்பாள். அவள் இல்லாத நாளில் டாக்டருக்குத் தன் கையுறையே கிடைக்காது. கப்சிப் ஆகிவிடுவார்.

வியாழக்கிழமை வரை எல்லாம் சரியாகவே போனது. அன்று வேர் சிகிச்சைக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்திருந்தார். அவரும் படம் பார்த்தவர். மரத்துப்போக வைக்கும் ஊசி வேலை செய்யக் காத்திருந்த நேரத்தில், டாக்டர், டீச்சர், வரவேற்பு மேசைப் பெண் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் புழுங்குவதைக் கண்டு சிஸ்டருக்கே பாவமாகிவிட்டது. "சரி, கதைய விட்டுடுங்க. நடிப்பப் பத்தி வேணும்னா பேசிக்கோங்க" என்று அனுமதி கொடுத்தாள். அணை உடைந்த மாதிரி மூவரும் பேசத் தொடங்கினார்கள்.

"ஹீரோ இந்த வாட்டி கொஞ்சம் எளச்சிருக்காரு." "சித்தியா வர்றவங்க பிரமாதம்." "வக்கீல் வழக்கம்போலத்தான்." எல்லோரைப் பற்றியும் நல்லது கெட்டது இரண்டும் வந்தன. டாக்டர் கண்ணாடியை டீச்சரின் வாய்க்குள் விட்டார். அப்போது வரவேற்பு மேசைப் பெண், "ஆனா அந்த சமையல்காரர்..." என்றாள்.

டாக்டரின் கை டீச்சரின் பல்லுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிளந்த வாய்க்கு மேலே டீச்சரின் கண்கள் அகலமாக விரிந்து, வேண்டாம் வேண்டாம் என்று அந்தப் பெண்ணைப் பார்த்து உருண்டன. அவள், "போன் அடிக்குது" என்று ஓடினாள். எந்தப் போனும் அடிக்கவில்லை. டாக்டர் தொண்டையைக் கனைத்து, "சமையல்காரரா? அப்படி ஒருத்தர் படத்துலயே இல்லையே!" என்றார்.

முதல் இரண்டு பாகத்திலும் சமையல்காரர் வராத காட்சி குறைவு. எல்லோருக்கும் பரிமாறி, எல்லோர் கண்ணீரையும் துடைத்து, சிரித்த முகமாகவே நிற்பார். சிஸ்டர் அதுவரை அவரைச் சந்தேகிக்க நினைத்ததுகூட இல்லை. டாக்டர் கை நீட்டினார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் தவறான கருவியைக் கொடுத்தாள்.

பக்கத்து அறைக்குப் போய், கருவிகள் வேகும் பாத்திரத்தின் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. இதற்கெல்லாம் அழுவதா என்று சிரிப்பும் வந்தது. யாரைத் திட்டுவது? ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறக்காதே என்று இவள் போட்ட சட்டத்தை மூவரும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததுதான் குற்றம். டாக்டர் தயங்கித் தயங்கி வந்து, "சிஸ்டர், நான் எதுவும் சொல்லலையே?" என்றார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லல டாக்டர். அதான் பிரச்சனையே" என்றாள்.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். "யாராவது சொல்லித் தொலச்சிட்டாங்களா?"

"ஒருத்தரும் மூச்சு விடலைங்க" என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

"இங்கயும் அப்படித்தான். வண்டிங்க நிக்கற எடத்துல நான் போனா போதும், எல்லாரும் பேச்ச நிறுத்திடறானுங்க."

"நல்லவங்க" என்றாள் சிஸ்டர். அவராவது தப்பித்தாரே என்று நெஞ்சு குளிர்ந்தது. தன் 'ஹா' போனது போகட்டும். அவருடையதைக் கெடுத்துவிடக் கூடாது என்று அப்போதே முடிவெடுத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. கண்ணை விரித்துப் பார்த்தாள். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் நன்றாக இருக்குமா என்று யோசித்தாள். வாசலில் நின்று பார்த்த வரவேற்பு மேசைப் பெண், "பல்லு வலிக்குதா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் இஸ்திரி போட்ட சட்டையும் புதிதாய்க் கத்தரித்த மீசையுமாகக் கிளம்பினார். தணிக்கைச் சான்றிதழுக்கு முன்பே உட்கார்ந்தாயிற்று. படம் முழுக்க இவளுக்கு ஒரு கண் திரையில், ஒரு கண் அவர்மேல். இடைவேளையில் மக்காச்சோளப் பொரியை நடுவில் வைத்துக்கொண்டு, "வக்கீலேதான், எழுதி வச்சுக்கோ" என்றார் அவர்.

"சித்திதான். எனக்கு இப்ப இன்னும் உறுதியாயிடுச்சு" என்றாள் இவள், வழக்கத்தைவிட ஒரு படி குரலை உயர்த்தி.

"வக்கீல்!"

"சித்தி!"

இரண்டாம் பாதியில் சமையல்காரர் சிரித்தபடி பரிமாற வந்தார். "பாவம், எவ்வளவு நல்ல மனுஷன்" என்று சொல்லி வைத்தாள். "ஆமா ஆமா, ரொம்ப ரொம்ப நல்லவரு" என்று அவர் அவசர அவசரமாக ஒத்துக்கொண்டார். ஒன்றுமே தெரியாமல் இருக்கிறாரே என்று இவளுக்கு அவர்மேல் அப்படியொரு வாஞ்சை பொங்கியது.

கடைசியில் அந்த இடம் வந்தது. திரையில் சமையலறைக் கதவு மெல்லத் திறந்தது. இசை நின்றது. தியேட்டர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு நொடிதான். இரண்டு வருஷம் காத்திருந்த காட்சி. சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை. தனக்குக் கிடைக்காத ஆச்சரியத்தை அவர் முகத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று, திரையைவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் ஏற்கெனவே இவள் பக்கம் முழுசாகத் திரும்பி, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹா!" என்று அரங்கமே அலறியது. இவர்கள் இருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திரையின் வெளிச்சம் இரண்டு முகங்களிலும் மாறி மாறி விழுந்தது. அவர் அசட்டுத்தனமாக மீசையைச் சொறிந்தார். இவளுக்கு உதட்டோரம் துடித்தது. அவர் புருவத்தை உயர்த்தி 'என்ன, சொல்லிடலாமா?' என்பதுபோலப் பார்த்தார். இவள் தலையசைத்தாள். கூச்சல் ஓய்ந்து, எல்லோரும் கண்ணிமைக்காமல் திரையில் ஆழ்ந்திருந்த அந்த அமைதியில், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயை அகலத் திறந்து, ஒரே நேரத்தில் சொன்னார்கள்:

"ஹா!"

முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.