கணவாயில் தானாகப் போன வண்டி

நான்கு வருடம் மதுரை அவனியாபுரத்திலிருந்து ஆண்டிபட்டிக்கு அப்பால் இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய் வந்தேன். போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். முதல் வருடம் பஸ்ஸில் போனேன். இரண்டாம் வருடம் வலது முழங்கால் வீங்கி, பஸ் படியில் கால் வைக்க முடியாமல் ஆனபோது என் கணவர் ஒரு பழைய காரைப் பார்த்து வாங்கி வந்தார். கியர் மாற்ற வேண்டாத வண்டி.

"இதுல க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கு. வேணுங்கிற வேகம் வந்ததும் பட்டன அமுக்கிட்டா அதே வேகத்துல அதுவா போகும். நீ கால எடுத்துரலாம்" என்றார். வண்டியின் மற்ற நல்லது கெட்டது எதையும் நான் கேட்கவில்லை. காலை எடுத்துவிடலாம் என்ற ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியையும் என்னோடு வருவாள். முனிச்சாலைக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். எட்டு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் பழங்காநத்தம் வந்து நிற்பாள். ஏறி உட்கார்ந்து, குழந்தை எத்தனை தடவை எழுப்பியது என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள்.

செக்கானூரணி தாண்டி ரோடு காலியானதும் எழுபதில் வைத்துப் பட்டனை அழுத்துவேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைப் பின்னுக்கு இழுத்து மடக்கிக்கொள்வேன். உசிலம்பட்டி வரைக்குமான அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அன்றைக்கு யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருப்பார்கள்.

சமவெளியில் நல்ல பிள்ளையாகப் போன வண்டி, உசிலம்பட்டி தாண்டி வரும் மலைக் கணவாயில் வேறு வண்டியாகிவிட்டது. க்ரூஸ் கண்ட்ரோலை அணைக்காமல் முதல்முறை மேடேறியபோது, எழுபது அறுபத்தைந்தாகி, அறுபத்திரண்டாகி, வண்டி சோர்ந்துபோனது. சரி, இதனால் முடியவில்லை என்று நான் நினைத்த நேரத்தில் இன்ஜின் பெரிதாக அலறியது. கியர் தானாக இறங்கி, பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. உச்சி தாண்டி இறங்கும்போது இன்னும் மோசம். நான் வைத்தது எழுபது, முள் எண்பத்து நான்கில் நின்றது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன்.

இயற்பியல் ஆசிரியை விழித்துக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அதுக்கு ரோடு தெரியாது டீச்சர்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மேடு வருதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும். அதுக்கு வேகம் கொறைஞ்ச பெறகுதான் தெரியும். அப்பறம் மொத்தமாச் சேத்து முக்கும். எறக்கத்துல பெட்ரோலக் கொறைக்கும், அம்புட்டுத்தான். இந்தப் பழைய வண்டியில பிரேக்கெல்லாம் அது போடாது. கணவாய் வரும்போது ஆஃப் பண்ணிருங்க."

அன்றிலிருந்து கணவாய்க்கு முன்பே அதை அணைத்துவிடுவேன். பெரும்பாலும் மறந்ததில்லை.

மறந்தது ஓர் அரையாண்டுத் தேர்வுச் சமயத்தில். காலையும் மதியமும் தேர்வு அறையில் நின்றே இருந்த நாள். முழங்கால் கல்லாகக் கனத்தது. சாயங்காலம் ஆண்டிபட்டி தாண்டியதும் பட்டனை அழுத்திக் காலை மடக்கினேன். நான் தூங்கவில்லை. ஆனால் விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. மேட்டில் வண்டி திணறியதும், பிறகு அலறியதும் காதில் விழுந்தன. யாருடைய வண்டியோ என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உச்சி தாண்டி வளைவில் இறங்கியபோது எங்களுக்கு முன்னால் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் ஓட்ட, பின்னால் ஓர் அம்மாள் மடியில் புல்லுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் வண்டி எண்பதைத் தாண்டியிருந்தது. கால் பிரேக்கைத் தேடியது. இருக்கைக்கு அடியில் மடங்கியிருந்த கால், மரத்துப்போன கால். அது வந்து சேர ஒரு நொடி ஆகியிருக்கும். டயர் தேய்ந்த சத்தத்தில் மொபெட் ஓட்டியவர் மிரண்டு மண்ணில் இறக்கினார். மொபெட் சரிந்தது. எங்கள் வண்டி அவர்களைத் தொடாமல், ஒரு கை தூரத்தில் நின்றது.

நானும் இயற்பியல் ஆசிரியையும் இறங்கி ஓடினோம். அவருக்கு ஒன்றுமில்லை. அந்த அம்மாளுக்கு முழங்கை உரிந்து ரத்தம் வழிந்தது. புல் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது.

"படிச்சவுகதான, பாத்து வரக்கூடாதா?" என்றார் அவர். சத்தம் போடவில்லை. புல்லைக் கூட்டிக்கொண்டே கேட்டார்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அடிபட்ட அந்த அம்மாள்தான் என் பக்கத்தில் வந்து, "தண்ணி குடி தாயி. ஒண்ணும் ஆகலல்ல" என்றார்.

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போனோம். மொபெட் ஓட்டிய அவர் கணவர் அதிலேயே பின்னால் வந்தார். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று கட்டுப் போட்டார்கள். காத்திருந்தபோது அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். வண்டி தானாகப் போகிற மாதிரி வைத்துவிட்டு, அணைக்க மறந்துவிட்டேன் என்றேன்.

"தானாவா போகும்?"

"போகும்மா. ஆனா எறக்கம் வந்தா அதுக்குப் பிடிக்கத் தெரியாது."

"அதுக்கு எங்க மாடு தேவல. எறக்கம்னா அதுவே கால ஊண்டிக்கிரும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

என் அம்மாவும் அடுத்தவர் வயல் வரப்பில் புல்லறுத்தவள்தான். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மன்னிப்பு வாங்குவதற்காகச் சொன்னதுபோல ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

வீட்டில் என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டியக் குடுத்துருவமா?" என்றார். "பஸ்ஸுல எப்படி ஏறுவேன்?" என்றேன். பிறகு காலையில் இயற்பியல் ஆசிரியை ஓட்டினாள், மாலையில் நான். அந்தப் பட்டனை இருவருமே தொடவில்லை. என் முழங்கால் இரவெல்லாம் வலித்தது. அவள் தூக்கம் பாதியானது.

அந்த அம்மாளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். அவர்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை போன் செய்தேன். அவர் கணவர் எடுத்து, "நல்லாருக்கு டீச்சர்" என்றார். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில், மதுரையை ஒட்டிய பரவைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி கிடைத்தது. பழைய பள்ளியில் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை, இயற்பியல் ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"முழுசா நீட்ட வரல. வேலைக்குத் தடங்கல் இல்ல" என்று கையை நீட்டிக் காட்டினார். அது பாதியில் நின்றது.

"போன் பண்ணப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"ஒங்களுக்கும் தெனமும் அம்புட்டுத் தூரம் போகணும்ல" என்றார்.

அடுத்த வாரம் மதுரையில் ஓர் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முன்பே வந்திருந்தால் பயிற்சியிலேயே சரியாகியிருக்கும், இனிமேல் கொஞ்சம்தான் தேறும் என்றார் அவர். அந்த அம்மாள் சரி என்று தலையாட்டினார். அன்று அவரை ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தார். சரியாக நீளாத அந்தக் கையால்தான் நீட்டினார். நான் ஓர் எட்டு முன்னால் போய் வாங்கிக் குடித்தேன்.